நீ கேட்ட வாட்ச்

தம்பிக்கு,

ஒற்றைக் கைக்காரன் எழுத உட்கார்ந்தால் காகிதமும் பேனாவோடு கூடவே ஊர்ந்து வரும். ஒரு வரி முடிவதற்குள் மேசையை விட்டு இறங்கப் பார்க்கும். பிடித்துக்கொள்ள எனக்கு இடது கை இல்லை. அதனால் காகிதத்தின் தலையில் கனமாக ஒன்றை வைத்துவிட்டு எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "அந்த வாட்ச் எங்கப்பா? கல்யாணத்தன்னிக்கு வலது கையில கட்டிக்குங்க. நான் சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போய் கிளீன் பண்ணிக் கொண்டாரேன்" என்று. அதுதான் இது. என் எழுத்துக்கு மேல் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நான் விற்கவில்லை. இரண்டு வருஷமாக உன் அம்மாவின் பழைய புடவைகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது. எழுத உட்காரும் முன் பத்துத் தடவை குலுக்கினேன். உடனே கிளம்பிவிட்டது. ரோஷமே இல்லாத பொருள்.

அப்பன் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் என்பது உனக்குத் தெரியும். எழுத்து கோணலாக இருக்கும், சிரித்துக்கொள். ஆனால் வாயால் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், வாயைத் திறந்தால் எனக்குக் கிண்டல்தான் வரும். கையை எடுத்த மறுநாள் கட்டு மாற்ற வந்த நர்ஸிடம், "மோதிரம் போட ஒரு கை போதும்மா" என்று சொன்னவன் நான். அவள் சிரித்தாள், பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார், நீயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். எல்லோரும் சிரித்த பிறகு யார் என்ன கேட்க முடியும்? சனிக்கிழமை நீ வந்ததும் இதை உன்னிடம் கொடுத்துவிட்டு, நான் உரக் கொட்டகைப் பக்கம் போய்விடுவேன். படித்து முடித்துவிட்டு என்னைத் தேடி வருவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

மூன்று வருஷத்துக்கு முன் தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அந்தப் பெட்டியை என் மடியில் வைத்தாய். பெட்டியே ஒரு சின்ன வீடு மாதிரி இருந்தது. உள்ளே தலையணை போட்டு, அதன் மேல் வாட்சைப் படுக்க வைத்திருந்தார்கள். "நம்ம தோட்டத்து லயத்து வீட்டவிட இதுக்கு வசதியா இருக்கே" என்றேன். நீ முகத்தைச் சுளித்தாய். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல ஒவ்வொன்றாகக் காட்டினாய். மேலே இருக்கும் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி இல்லை, நீலக்கல் ஜாதி, கல்லில் தேய்த்தாலும் கீறல் விழாது என்றாய். முகத்தைச் சுற்றியுள்ள கறுப்பு வளையம் பீங்கான் போலச் சுட்டு எடுத்தது, வெயிலில் வெளுக்காது என்றாய். திருப்பிக் காட்டினாய். முதுகிலும் கண்ணாடி. உள்ளே அரை நிலா போல ஒரு தகடு அங்குமிங்கும் ஆடியது. கை அசைந்தால் தகடு சுற்றும், தகடு சுற்றினால் சுருள் முறுகும், முறுகிய சுருள் கொஞ்சம் கொஞ்சமாக அவிழும்போது முள் ஓடும், பேட்டரி கிடையாது என்றாய். வினாடி முள் மற்ற வாட்சுகளில் போலத் துள்ளவில்லை. எண்ணெயில் விட்டது போல வழுக்கிக்கொண்டு போனது. கட்டாமல் இரண்டு நாள் வைத்தால் நின்றுவிடும் என்றும் சொன்னாய். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "நான் வேலைக்குப் போனாத்தான் இவன் சாப்பிடுவான். உன்ன மாதிரியே ஒருத்தன்" என்றேன்.

சிரம்பானில் ஒரு சீனர் கடைக்கு நீயும் நானும் போனோம். பட்டை பெரிதாக இருந்தது. அவர் இரண்டு கண்ணியைக் கழற்றி என் மணிக்கட்டுக்கு அளவு பார்த்தார். அந்தப் பட்டையை நான் எத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு கண்ணியும் முழு எஃகு. நடுவில் மங்கல், ஓரத்தில் மட்டும் பளபளப்பு. ஒன்றோடு ஒன்று பாம்பின் முதுகு போல மடங்கும், ஆனால் ஒரு மயிரைக்கூடப் பிடித்து இழுக்காது. கட்டும்போது ஜில்லென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் நம் உடம்புச் சூடு ஏறி, அது இருப்பதே மறந்துபோகும். கனம் மட்டும் இருக்கும், யாரோ நம் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல. மத்தியானம் கை உப்பும்போது கொஞ்சம் இறுக்கும், சாயங்காலம் தளரும். கடைக்காரர் பூட்டை மூடிக் காட்டினார். முதலில் ஒரு மடிப்பு, அதன் மேல் இன்னொரு காவல் மடிப்பு. இரண்டு பக்கமும் இருக்கும் பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால்தான் திறக்கும். அவர் மலாயில் பெருமையாகச் சொன்னார்: இது தானாகத் திறக்கவே திறக்காது அங்கிள், இதைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் தொங்கலாம்.

தம்பி, அந்த வார்த்தையை நான் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "ஆள் தொங்கலாம்டா இதுல." டீக்கடையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன். முனியாண்டி மட்டும்தான், "அப்ப தொங்கிக் காட்டு லா" என்றான்.

முனியாண்டியைப் பற்றி இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். உனக்கு அவனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நீ அவன் பேரைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறாய், கல்யாணப் பட்டியலில் உன் அம்மா எழுதிய அவன் பேரை அழித்தும்விட்டாய். அதனால் யாரோ ஒருவனைப் பற்றிப் படிப்பது போலப் படி. அவன் டிராக்டர் ஓட்டினான், நான் அவனுக்குக் கொக்கி மாட்டினேன். எண்ணெய் ஆலைக்கு வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளை வலையில் குவித்து வைத்திருப்பார்கள். வலையின் நாலு வளையங்களையும் சேர்த்து, டிராக்டரின் பின்னால் தொங்கும் கொக்கியில் நான் மாட்ட வேண்டும். மாட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டு, "தூக்கு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு அவன் நெம்புகோலை இழுப்பான். இதுதான் முறை. நாங்கள் செய்தது வேறு. கையை எடுக்கும் முன்பே நான் குரல் கொடுத்துவிடுவேன். குரல் அவன் காதில் விழுந்து, அவன் இழுத்து, சங்கிலி விறைப்பதற்குள் என் கை வெளியே வந்திருக்கும். அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். இருபது வருஷமாக அப்படித்தான். புதிதாக வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம்.

வாட்ச், மோதிரம் எதுவும் போட்டுக்கொண்டு கொக்கி வேலைக்குப் போகக் கூடாது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டதும், எங்களை மேய்க்கும் மண்டோர் ஒரு பிஸ்கட் டின்னை நீட்டுவார். எல்லோரும் கழற்றிப் போட வேண்டும். போடாமல் பிடிபட்டால் வேலை போகும், வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். அதனால் முதலில் உன் வாட்சை வீட்டில்தான் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடும் முன் எடுத்துக் குலுக்கிக் கட்டிக்கொள்வேன். ஒரு தடவை மறந்துவிட்டேன். காலை பதினோரு மணிக்கு அது நாலே காலைக் காட்டியது. நீ பார்த்துவிட்டாய். "கட்டுறதில்லையாப்பா?" என்று மட்டும் கேட்டாய். இதைப் படிக்கும்போது உன் மனசு எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஓடாதே. நான் அதை வேலைக்குக் கட்டிக்கொண்டு போனது நீ கேட்டதற்காக இல்லை. வீட்டிலிருந்து கோயிலுக்கும் கடைக்கும் கட்டியிருந்தாலே அது ஓடியிருக்கும். எனக்கு அதை வேலைக் காட்டில், நாலு பேர் முன்னால் கட்ட வேண்டும் என்று ஆசை. மண்டோர் டின்னை நீட்டும்போது, பழைய காலுறையை வெட்டிச் செய்த கையுறைக்கு அடியில் அது பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் திருட்டுச் சந்தோஷத்தை நான் எந்தச் சாராயத்திலும் கண்டதில்லை.

நாலைந்து மாதம் அப்படி ஓடியது. அன்று காலை, புதிதாக வந்த ஒரு பங்களாதேஷ் ஆளுக்கு வினாடி முள் வழுக்குவதைக் காட்டலாம் என்று காலுறையை முழங்கை வரை சுருட்டிவிட்டேன். அவன் பார்த்து, "மந்தாப், அங்கிள்" என்று கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனான். காலுறையை நான் இறக்கிவிடவில்லை. அடுத்த வலைக்கு வளையங்களைச் சேர்த்து, இடது கையால் கொக்கியில் மாட்டினேன். வழக்கம் போல மாட்டும்போதே, "தூக்கு" என்றேன். கையை எடுத்தேன். கை வரவில்லை. பூட்டின் ஓரம் கொக்கியின் நாக்கில் மாட்டிக்கொண்டிருந்தது.

சந்தையில் வாங்கிய வாட்சாக இருந்தால் அந்த இழுப்புக்குப் பட்டை அறுந்து போயிருக்கும், இல்லை, ஊசி தெறித்திருக்கும். கை வந்திருக்கும். மாலையில் முழங்காலிட்டு வாட்சின் துண்டுகளைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன். உன் வாட்ச் நல்ல வாட்ச். அது விடவில்லை. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, தம்பி. ஆள் தொங்கலாம். நான் தொங்கினேன். கால் தரையை விட்டுப் போனதும், மணிக்கட்டில் விறகு முறிவது போல ஒரு சத்தம் கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குள் என் அலறலைக் கேட்டு முனியாண்டி திரும்பினான், இறக்கினான், குதித்து ஓடி வந்தான். அவனுக்குப் பொத்தானை அமுக்கத் தெரியவில்லை, விரலெல்லாம் வழுக்கியது. பெட்டியிலிருந்து குறடை எடுத்துப் பூட்டின் ஊசியை வெட்டினான். கழன்ற வாட்சைத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் ஓடி வந்தபோது என் கையில் ஒன்றுமில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறான். "அக்கா, இத தம்பிகிட்ட மட்டும் சொல்லாதீங்க. ஆசையா வாங்கிக் குடுத்த புள்ள. தாங்காது" என்றானாம். உன் அம்மா பையைத் திறந்து பார்த்தாளாம். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லையாம். முள் ஓடிக்கொண்டிருந்ததாம்.

கவனி. வாட்சை மறைக்கச் சொன்னது அவன். அதற்கு மேல் நடந்தது முழுக்க நான்.

என் கை நாலு நாள் தாக்குப்பிடித்தது. சர்க்கரை வேறு, அழுக ஆரம்பித்தது, எடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் ஆபீஸிலிருந்து அசிஸ்டன்ட் மேனேஜரும் இன்னொரு அதிகாரியும் வந்தார்கள். முனியாண்டியையும் கூட்டி வந்திருந்தார்கள். அவன் என் கால்மாட்டில் நின்றான். அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அவர் தூக்கறதுக்கு முன்னாடி நீங்க குரல் குடுத்தீங்களா?" கொடுத்தேன் என்று சொன்னால், பிறகு கை ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வாட்ச். வாட்ச் என்றால் என் வேலையும் வீடும் போகும், நீயும் தெரிந்துகொள்வாய். இவ்வளவையும் நான் யோசித்தேனா என்றால், ஒரு மூச்சு விடும் நேரத்தில் யோசித்தேன். "இல்ல" என்றேன். என் வாழ்க்கையில் கிண்டல் கலக்காமல் சொன்ன வார்த்தைகள் கொஞ்சம். அதில் அது ஒன்று.

உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உனக்காக. மீதிப் பாதி அந்த வீட்டுக்காக, ஒரு கையோடு எங்கே போவேன் என்ற பயத்துக்காக. முனியாண்டி என் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டிலின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். அவன், "ஆமா துவான். அவசரப்பட்டு இழுத்துட்டேன்" என்றான். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்று மாலை நீ சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தாய். வராந்தாவில் அவனைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்தாய். மழைக்காலத்தில் உன்னையும் உன் புத்தகப் பையையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பஸ் நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டவன் அவன். அவனை நீ, "குடிச்சிட்டுத்தானே ஏறுன?" என்று கேட்டாய். கதவு திறந்துதான் இருந்தது, எனக்குக் கேட்டது. அவன் தன் மகள் கல்யாணத்தன்று குடியை விட்டவன். அப்போதே ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அது உனக்கும் தெரியும், கோபத்தில் மறந்துவிட்டாய். அவன் பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் உன் அப்பன் என்ன செய்தான் தெரியுமா? தலையணை சரியில்லை என்று உன் அம்மாவைக் கூப்பிட்டான். அவள் வந்து தலையணையைச் சரிசெய்துகொண்டே, "இப்பவே சொல்லிடுங்க" என்றாள். "தலையணைகிட்டயா?" என்றேன். அன்றிலிருந்து உன் அம்மா என் கிண்டலுக்குச் சிரிப்பதில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய்.

நீ கேட்ட கேள்வி வராந்தாவில் பத்துப் பேர் காதில் விழுந்தது. ஒரு வாரத்தில் அது கேள்வியாக இல்லை, செய்தியாகிவிட்டது. அடுத்த மாதம் அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். லாரியில் சாமான் ஏற்றிய அன்று நான் வாசலில் நின்றேன். அவன் கடைசியாக ஏறி, "வீட்டுல பப்பாளி பழுத்திருக்கு, பறிச்சுக்க மச்சான். ஒரு கையே போதும்" என்றான். நான் சிரித்தேன். பப்பாளியையும் பறித்தேன். பக்கத்துத் தோட்டங்களில் போய் டிராக்டர் வேலை கேட்டிருக்கிறான். குடித்துவிட்டு ஓட்டி ஆள் கையை எடுத்தவன் என்று அங்கேயும் தெரிந்திருந்தது. இப்போது செனாவாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை. எனக்கு ஆபீஸில் இரக்கப்பட்டு உரக் கொட்டகைச் சாவியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். நீ வந்து தங்குகிறாயே இந்த வீடு, இது அவன் வீட்டின் மேல் நிற்கும் வீடு.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன் என்று கேட்பாய். நீ பட்டியலில் அவன் பேரை அழித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு மேல், வாட்சைக் கட்டிக்கொண்டு மண்டபத்தில் நிற்கச் சொன்னாய். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து, புள்ள வாங்கிக் குடுத்ததா என்று கேட்பார்கள், நானும் ஏதாவது கிண்டல் அடிப்பேன், எல்லோரும் சிரிப்பார்கள். என்னால் முடியாது தம்பி. கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டில் உன் மனைவி சிரிப்பதை நிறுத்தினால், இன்னும் நல்ல கிண்டலாகத் தேடாதே. என்ன மறைத்தாய் என்று உன்னையே கேட்டுக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை வாட்சை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி செனாவாங் போனேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவன் வீடு நாலாவது மாடி. அவன் மனைவிக்கு மூட்டுவலி, கீழே இறங்கியே பல நாள் ஆகிறதாம். கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள், டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முனியாண்டி காவல்கார உடுப்போடு உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான்.

"என்ன மச்சான், ஒரு கையோட வந்துட்ட? இன்னொன்ன எங்க வச்ச?" என்றான்.

"பஸ்ல மறந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. டிக்கெட் மிச்சம்."

வாட்சை எடுத்து மேசையில் வைத்தேன். அவன் தொடவில்லை. குனிந்து காதைக் கொடுத்தான்.

"இன்னும் ஓடுதா?"

"குலுக்குனா ஓடும்."

"நம்மள மாதிரிதான்" என்றான். பிறகு தன் மணிக்கட்டைக் காட்டினான். சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் வாட்ச், ஓரத்தில் நூல் கட்டியிருந்தது. ஒரு விரலைக் கொடுத்து இழுத்தான், அப்படியே கழன்று விரலோடு வந்தது. "பாத்தியா? இழுத்தா வருது. இதுதான்டா நல்ல வாட்ச்." இரண்டு பேரும் சிரித்தோம். உள்ளே அவன் மனைவி ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். சிரிப்பு நின்றது.

தான் வெட்டிய ஊசிக்குப் பதிலாக ஒரு கம்பித் துண்டைத் தேடி எடுத்து, நசுக்கி, பூட்டில் செருகினான். "கையக் குடு" என்றான். வாட்ச் கட்ட இரண்டு கை வேண்டும் தம்பி. ஒன்று கட்டிக்கொள்ள, இன்னொன்று பூட்ட. என்னால் தனியாக முடியவே முடியாது. வலது கையை நீட்டினேன், அவன் கட்டினான். முதல் மடிப்பு, பிறகு காவல் மடிப்பு, கிளிக் என்றது. அந்தச் சத்தத்துக்கு என் இல்லாத கை துடித்தது. அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் சொன்னேன். "பையன்கிட்ட சொல்லப் போறேன். நான் குரல் குடுத்தேன், அப்புறந்தான் நீ தூக்குனன்னு."

"நீ எங்க குரல் குடுத்த?" என்றான்.

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். "டேய், விளையாடாத லா."

"நான் விளையாடல மச்சான். நீ குரல் குடுக்கல. நான்தான் இழுத்துட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"முனியாண்டி, நான் தூக்குன்னு சொன்னேன்டா. கைய எடுக்கறதுக்கு முன்னாடியே சொன்னேன், எப்பவும் போல."

அவன் தலையை ஆட்டினான். பொறுமையாக, காது கேட்காதவனுக்குச் சொல்வது போலச் சொன்னான். "எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? ஆபீஸ்ல சொன்னேன். வேலை கேட்டுப் போன எடத்துல சொன்னேன். மருமகன் கேட்டாரு, பேரப்புள்ள கேட்டுச்சு. சொல்லிச் சொல்லி இப்ப கண்ண மூடினா அதுதான் வருது. கனவுலயும் வருது. கனவுல நீ வாயத் தொறக்கறதே இல்ல. நான் இழுக்கறேன், நீ மேல போற." பிறகு குரலைத் தாழ்த்தி, மனைவிக்குக் கேட்கக் கூடாது என்பது போலக் கேட்டான். "மச்சான், நெசமாச் சொல்லு. அன்னிக்கு நான் குடிச்சிருந்தேனா?"

தம்பி, நான் என் கையைப் பறிகொடுத்தபோதுகூட அப்படி உடைந்துபோனதில்லை. இல்லவே இல்லை என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவன் சிரித்தான். "நீ எப்பவும் என்ன விட்டுக் குடுக்க மாட்ட" என்றான். வேலைக்கு நேரமாகிறது என்று எழுந்தான். வாட்சைக் கழற்றிவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் அதைக் கட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் உன் அம்மா பொத்தான்களை அமுக்கிக் கழற்றினாள்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய் நடந்ததைச் சொல்லப் போகிறேன். சொன்னால் இந்த வீடு போகலாம். பெண் வீட்டார் வந்து பார்க்கும்போது உன் அப்பனுக்கு வாசல் இல்லாமல் இருக்கலாம். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, மறைக்காதே. வாட்சை எடுத்துக்கொள். கட்டினாலும் சரி, கட்டாமல் போட்டாலும் சரி, அது உன் உழைப்பு, அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. என்னை என்ன செய்வது என்பதையும் உனக்கே விட்டுவிடுகிறேன்.

ஆனால் அதற்கு முன், சனிக்கிழமையே, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, உன் முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு செனாவாங் போ. நாலாவது மாடி, படியேறிப் போ. அவன் ஏதாவது கிண்டல் செய்வான், சிரித்துவிட்டு வந்துவிடாதே. அவன் எதிரே உட்கார். முதலில், நீங்கள் அன்று குடிக்கவில்லை மாமா என்று சொல். பிறகு, அப்பா குரல் கொடுத்தார் என்று சொல். கையை எடுக்கும் முன்பே கொடுத்தார், நீங்கள் சரியாகத்தான் இழுத்தீர்கள் என்று சொல். அவன் தலையை ஆட்டுவான். திரும்பவும் சொல். நான் சொன்னால் அவன் நம்ப மாட்டேன் என்கிறான்.

அப்பா